"ஏட்டி, எனக்கு எதுக்கு இந்த அங்கி?" - நைட்டி முதல் வெள்ளைப் புடவை வரை "வேண்டாம்" போடும் சென்னைப் பாட்டிகள்!

சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீடு. அங்கே ஒரு பீரோ. பீரோவின் அடித்தட்டில் 6 நைட்டிகள். ஆறும் புதுசு. ஆறும் மடிப்புக் கலையாதவை.

மகள் வாங்கி வந்தது 2. மருமகள் வாங்கி வந்தது 2. பேத்தி தன் முதல் சம்பளத்தில் வாங்கியது 1. "தள்ளுபடியில் கிடைச்சுது" என்று பக்கத்து வீட்டு அம்மாள் கொண்டுவந்து கொடுத்தது 1.

ஒன்றைக்கூட ஆச்சி தொடவில்லை!

ஆச்சிக்கு வயது 74. திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவர். கல்யாணமாகி சென்னைக்கு வந்து 53 ஆண்டு ஆகிறது. பேச்சில் மட்டும் ஊர் வாசனை போகவில்லை.

"ஏட்டி, எனக்கு எதுக்கு இந்த அங்கி? இது பாதிரியார் போடுததுல்லா? நான் என்ன பூசையா வைக்கப் போறேன்?" - நைட்டியைக் கண்டால் ஆச்சி சொல்லும் வசனம் இதுதான்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. சென்னையில் வீட்டுக்கு வீடு நடக்கும் கதை. உங்கள் வீட்டுப் பீரோவின் அடித்தட்டைத் திறந்து பாருங்கள். அங்கேயும் இரண்டு இருக்கும்!

வேண்டாம் பட்டியல்

பாட்டிமார்கள் எதையெல்லாம் "வேண்டாம்" என்கிறார்கள்? வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலும், தியாகராயநகர் கடைகளிலும், தெருமுனைத் தையல்காரர்களிடமும் கேட்டால் ஒரே பட்டியலைத்தான் ஒப்பிக்கிறார்கள்.

கையில்லாத ரவிக்கை - வேண்டாம். முழங்கை வரை கை வேண்டும்.

முதுகில் ஜன்னல் வைத்த ரவிக்கை - வேண்டவே வேண்டாம்.

பின்பக்கம் கொக்கி - வேண்டாம். முன்பக்கம்தான் வேண்டும்.

உடம்பைப் பிடிக்கும் லெக்கிங்ஸ் - பேச்சே கிடையாது.

சூரிதார் - பாதி பேர் வேண்டாம். பாதி பேர் "பார்க்கலாம்".

தலைக்குச் சாயம், முகத்துக்குக் கிரீம், உதட்டுக்குச் சிவப்பு - "எனக்கு எதுக்கு?"

இதில் பின்பக்கக் கொக்கியைப் பாருங்கள். அதற்கும் வெட்கத்துக்கும் சம்பந்தமே இல்லை. தோள்பட்டை பிடித்துக்கொண்டால் கை முதுகுக்குப் போகாது. கொக்கி மாட்ட ஒவ்வொரு நாளும் மருமகளைக் கூப்பிட வேண்டும். யார் கூப்பிடுவார்கள்?

ஆக, எல்லா "வேண்டாமும்" ஒரே வேண்டாம் அல்ல. சிலது உடம்பு சொல்வது. சிலது மனசு சொல்வது. சிலது ஊர் சொல்லிக்கொடுத்தது. எது எது என்று பிரித்துப் பார்க்காமல், "கிழவிக்குப் பிடிவாதம்" என்று வீட்டில் உள்ளவர்கள் முடித்துவிடுகிறார்கள்.

பிரித்துப் பார்க்காவிட்டால் என்ன ஆகும்? ஆச்சி வீட்டில் என்ன ஆனது என்பதைக் கேளுங்கள்.

தடுக்கியது கொசுவம்!

ஐப்பசி மாதம். நல்ல மழை. இரவு 2 மணி இருக்கும்.

ஆச்சி பாத்ரூம் போக எழுந்தார். வழக்கம்போல இரவிலும் புடவைதான். படுத்துப் புரண்டதில் கொசுவம் தளர்ந்து தொங்கியது. இருட்டில் தெரியவில்லை.

பாத்ரூம் படியில் கால் வைத்தார். காலுக்குக் கீழே புடவை. ஒரு இழு. தடால்!

மருமகள் ஓடிவந்து பார்த்தபோது ஆச்சி தரையில் கிடந்தார். எழுந்திருக்க முடியவில்லை. அப்போதும் அவர் முதலில் சொன்னது என்ன தெரியுமா?

"ஏட்டி, முந்தானையைச் சரி பண்ணு. ஆம்பளையாளு வருவாக."

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள்.

மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களின் எலும்பு வேகமாக வலுவிழக்கும். இளம்பெண் விழுந்தால் சிராய்ப்போடு போகும். பாட்டி விழுந்தால் எலும்பு போகும். அதிலும் இடுப்பு எலும்பு முறிவு பொல்லாதது. பலர் பழையபடி நடமாடவே முடிவதில்லை. படுக்கையிலேயே கிடந்தால் படுக்கைப்புண் வரும், சளி நெஞ்சில் கட்டும், உயிருக்கே ஆபத்தாகும்.

இரவில், இருட்டில், ஈரத்தரையில், தரையைக் கூட்டும் துணியோடு நடக்காதீர்கள் என்று எலும்பு டாக்டர்கள் தலையில் அடித்துக்கொண்டு சொல்வது இதனால்தான்.

பீரோ திறந்தது

ஆஸ்பத்திரியில் பச்சை அங்கி. அதை ஆச்சி வாய் திறக்காமல் போட்டுக்கொண்டார். "டாக்டர் போடச் சொன்னா அது மருந்து. நீங்க போடச் சொன்னா அது பேஷன்" என்று பேத்தியிடம் விளக்கமும் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வினை. நிற்க முடியாதவருக்குப் புடவை கட்டுவது எப்படி? இரண்டு நாள் மருமகளும் மகளும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக் கட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் காலையில் ஆச்சி மருமகளைக் கூப்பிட்டார்.

"பீரோ அடித்தட்டுல கிடக்குல்லா... அதுல ஒண்ணை எடு. கை வச்சதா எடு."

"எது அத்தை?"

"அதாம்ட்டீ, அங்கி!"

அன்று முதல் ஆச்சி நைட்டிக்காரி!

துண்டு ரகசியம்

ஆனால் ஒரு நிபந்தனை. நைட்டிக்கு மேல் ஒரு துண்டு. அதுவும் பூப்போட்ட பெரிய துண்டு.

பால்காரர் வந்தால் துண்டு. கேஸ்காரர் வந்தால் துண்டு. கொழுந்தனார் வந்தால் துண்டோடு போர்வையும் சேர்த்து!

நைட்டியும் மேலே துண்டும் - சென்னையில் எந்தத் தெருமுனையில் நின்று பார்த்தாலும் இந்த உடுப்பைப் பார்க்கலாம். காய்கறி வண்டிக்காரரிடம் பேரம் பேசும் அம்மாளும் இப்படித்தான். குழாயடியில் குடத்தோடு நிற்பவரும் இப்படித்தான். துண்டு இருந்தால் மானம் இருக்கிறது. துண்டு இல்லாவிட்டால் "என்ன இப்படி நிக்கிறா?" என்ற பேச்சு. எந்தத் துணிக்கடையும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. பெண்கள் தாங்களே கண்டுபிடித்துக்கொண்ட சமரசம் இது.

நைட்டிக்கு ஊரே தடை போட்ட கதையும் உண்டு. ஆந்திராவில் அன்றைய மேற்கு கோதாவரி மாவட்டத்தில் தோகலபள்ளி என்று ஒரு கிராமம். 2018-ல் அங்கே ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். காலை 7 மணி முதல் இரவு 7 மணி வரை பெண்கள் நைட்டியோடு வெளியே வரக்கூடாது என்றார்கள். மீறினால் 2 ஆயிரம் ரூபாய் அபராதம். காட்டிக்கொடுத்தால் ஆயிரம் ரூபாய் பரிசு!

இரவு உடை என்று வந்த துணி, பகல் முழுவதும் பெண்ணோடு வேலை செய்கிறது. சமைக்கிறது, துவைக்கிறது, பெருக்குகிறது. அபராதம் மட்டும் அவளுக்கு!

ஒரு எச்சரிக்கை. நைட்டியும் தரையைப் பெருக்கினால் புடவைக்கு அது தங்கச்சிதான். வயதானவர்களுக்கு வாங்கும்போது கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி வெட்டித் தைத்துக் கொடுங்கள். முன்பக்கம் பட்டன் வையுங்கள். பருத்தித் துணியாக எடுங்கள். ஒரு பை வைத்துத் தைத்தால் மூக்குக்கண்ணாடிக்கும் செல்போனுக்கும் ஆகும்.

பாட்டியின் பாட்டி

"நான் வேண்டாம்னு சொன்னது என்ன பெரிசு? எங்க அம்மையைப் பெத்த ஆச்சி ரவிக்கையே வேண்டாம்னாக!" என்று சிரிக்கிறார் ஆச்சி.

உண்மைதான். தென்மாவட்டக் கிராமங்களில் ரவிக்கை போடாத பாட்டிகளைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பேரன் பேத்தி கெஞ்சினாலும் போடமாட்டார்கள். "கசகசங்கு" என்பார்கள். கண்டாங்கிப் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கம்பீரமாக நடப்பார்கள்.

ஆனால் இதே ரவிக்கையைப் போட விரும்பியும் போடவிடாமல் தடுக்கப்பட்ட பெண்களும் உண்டு. அன்றைய திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், தோள்சீலைப் போராட்டம் பல ஆண்டுகள் நடந்தது. 1859-ல் மன்னர் உத்தரவு போட்ட பிறகே நாடார் பெண்களுக்கு மேலாடை அணியும் உரிமை கிடைத்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப்போல உடுத்தக்கூடாது என்று நிபந்தனை!

ஒரே துணிதான். ஒருத்தி "எனக்கு வேண்டாம்" என்றாள். இன்னொருத்தியிடம் "உனக்குக் கூடாது" என்றார்கள். இரண்டும் ஒன்றா?

காது கதையும் இப்படித்தான். ஆச்சியின் தாயாருக்குக் காது தோள் வரை தொங்கும். பாம்படம் போட வளர்த்த காது. தண்டட்டி என்றும் சொல்வார்கள். 2023-ல் அந்தப் பெயரில் சினிமாப் படமே வந்தது. சென்னைக்கு வந்த புதிதில் தெருப்பிள்ளைகள் அந்தக் காதைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு நாள் டாக்டரிடம் போய்க் காதை வெட்டித் தைத்துக்கொண்டு வந்தார். தங்கம் பெட்டிக்குப் போனது. "அன்னைக்கு ராத்திரி பூரா அம்மை அழுதாக" என்கிறார் ஆச்சி.

நாடாவில் ஆபத்து

பாட்டிகள் வேண்டாம் என்று சொல்லவேண்டிய ஒன்றை மட்டும் சொல்வதே இல்லை. அதுதான் உள்பாவாடை நாடா!

இறுக்கிக் கட்டினால்தான் புடவை நிற்கும் என்று 50 ஆண்டு ஒரே இடத்தில் முடிச்சு. இடுப்பைச் சுற்றிக் கறுத்த தழும்பு. சில பேருக்குத் தோல் உரிந்து அரிக்கும். "அது கிடக்கு" என்று மேலேயே மறுபடி கட்டுவார்கள்.

2024-ல் ஒரு மருத்துவ இதழில் இதுபற்றிக் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் மகாராஷ்டிரத்தில் வார்தா, பீகாரில் மதுபனி மருத்துவக் கல்லூரி டாக்டர்கள். 70 வயதுப் பெண் ஒருவர், 70-ஐ நெருங்கிய பெண் இன்னொருவர். இரண்டு பேருக்கும் இடுப்பில் கட்டும் இடத்தில் ஆறாத புண். சோதித்துப் பார்த்தால் தோல் புற்றுநோய்!

பயப்பட வேண்டாம். இது மிக மிக அபூர்வம். குற்றம் புடவையில் இல்லை. ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் கயிறு அழுத்துவதும், வியர்வையும், உரசலும்தான் காரணம். மெல்லிய நாடாவை எடுத்துவிட்டு அகலப் பட்டை வைத்துத் தைக்கலாம். வீட்டில் இருக்கும்போது தளர்த்திக் கட்டலாம். கட்டும் இடத்தைச் சற்று மேலே கீழே மாற்றலாம். இடுப்பில் புண் வந்து ஆறாமல் இருந்தால் மஞ்சள் பூசிக்கொண்டு உட்காராமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பாட்டி சொன்னது சரி!

பாட்டிகள் பிடிவாதமாக வேண்டாம் என்றதில் சரியாகிப் போனவையும் பல.

ஒன்று, நைலான் புடவை. வழுவழுப்பு, துவைத்தால் உடனே காயும், சாயம் போகாது என்று ஒரு காலத்தில் சென்னையையே அது மயக்கியது. "அடுப்படிக்கு அது ஆகாது" என்று நூல் புடவையை விடாமல் கட்டினார்கள் பாட்டிகள். நைலானும் பாலியஸ்டரும் தீப்பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தீக்காயம் ஆழமாகும். பாட்டிக்கு ரசாயனம் தெரியாது, அடுப்பு தெரியும். மதுரைச் சுங்குடிக்கு இன்றும் வயதான பெண்களிடம் மவுசு குறையாததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

இரண்டு, ஸ்டிக்கர் பொட்டு. பொட்டை ஒட்டும் பசையில் சேரும் ஒரு ரசாயனம் சில பேருக்கு நெற்றியில் வெள்ளைத் திட்டு உண்டாக்கும். அதன் பெயர் பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால். தோல் டாக்டர்கள் இதை நெடுநாளாகவே எச்சரித்து வருகிறார்கள். குங்குமம்தான் வேண்டும் என்ற பாட்டி தப்பித்தார். ஆனால் குங்குமத்திலும் சாயப்பொடி கலந்தால் நெற்றி அரிக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த பழைய குங்குமமாகப் பார்த்து வாங்குவது நல்லது.

மூன்று, தலைச்சாயம். கறுப்புச் சாயம் பலவற்றில் பி.பி.டி. என்ற பொருள் உண்டு. ஒத்துக்கொள்ளாவிட்டால் முகம் வீங்கும், கண் மூடிக்கொள்ளும். "கறுப்பு மருதாணி" என்று விற்பதிலும் இது கலந்திருக்கலாம். போட ஆசைப்படுபவர்கள் முதலில் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டுத் தடவி 48 மணி நேரம் பார்க்க வேண்டும்.

நான்கு, முகம் வெளுக்கும் கிரீம். 2023-ல் கேரளாவில் மலப்புரம் மாவட்டத்தில் இந்தக் கிரீம்களைப் பூசிய சிலருக்குச் சிறுநீரகம் கெட்டதை டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். காரணம், கிரீமில் இருந்த பாதரசம்! "கறுப்புன்னா என்ன, கழுவினா போவுமா?" என்று கேட்ட பாட்டியின் சிறுநீரகம் பத்திரம்.

பூங்காவில் ஒரு புதுமை

சில "வேண்டாம்கள்" தானாகவே கரைகின்றன.

காலை 6 மணிக்கு மெரினா கடற்கரைக்கோ, தி.நகர் நடேசன் பூங்காவுக்கோ போய்ப் பாருங்கள். புடவைக்குக் கீழே ஷூ! "ஆம்பளைச் செருப்பு" என்று ஒதுக்கியவர்கள்தான். முழங்கால் வலி சொல்லிக்கொடுத்துவிட்டது.

சூரிதாரும் அப்படித்தான். அமெரிக்காவில் மகள் பிரசவத்துக்குப் போன பல அம்மாக்கள் அங்கே குளிருக்காகப் போட்டார்கள். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இறங்கும்போது மறுபடியும் புடவை! இப்போது இறங்கும்போதும் சூரிதாரோடு வருகிறார்கள்.

சர்க்காரும் ஒத்துக்கொண்டுவிட்டது. 2019-ல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு உடை விதி வந்தது. பெண்களுக்குப் புடவையோடு, துப்பட்டா போட்ட சூரிதாரும் பட்டியலில் இருந்தது.

வெள்ளைப் புடவை

இனிமேல் சொல்லப்போவது நைட்டி, நாடா போன்ற விஷயம் அல்ல. பெரிய விஷயம்.

ஆச்சியின் கணவர் இறந்து 9 ஆண்டு ஆகிறது. கருமாதி அன்று பொட்டை அழித்தார்கள். பூவை எடுத்தார்கள். பிறந்த வீட்டுக் கோடியாக வெள்ளைப் புடவை வந்தது.

ஆச்சி அந்த வெள்ளையை ஒரே ஒரு நாள் கட்டினார். பிறகு மடித்து வைத்துவிட்டார். ஆனால் கலர்ப் புடவைக்கும் திரும்பவில்லை. சாம்பல், காவி, காப்பிப்பொடி, மங்கிய பச்சை - இந்த நாலுதான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

துணிக்கடையில் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். "வயசானவங்க கலர்!" பாட்டி கடைக்குள் நுழைந்ததும் விற்பனையாளரின் கை தானாக அந்த அடுக்குக்குத்தான் போகும்.

"வயசுக்குத் தகுந்த மாதிரி" என்று ஊர் சொல்கிறதே, அதில் பாதி வயசு சம்பந்தப்பட்டதே இல்லை. புருஷன் இருக்கிறானா இல்லையா என்பது சம்பந்தப்பட்டது! 74 வயதில் கணவரோடு இருப்பவர் சிவப்புப் பட்டு கட்டலாம். 40 வயதில் கணவரை இழந்தவர் கட்டக்கூடாதாம்!

இந்த அநியாயத்தை எதிர்த்து நின்ற ஊர்தான் சென்னை. சகோதரி சுப்புலட்சுமியை நினைத்துப் பாருங்கள். சிறுவயதிலேயே விதவையானவர். மூலையில் உட்காரவில்லை. படித்து 1911-ல் பட்டம் பெற்றார். மொட்டைத் தலையோடு ஒதுக்கப்பட்ட இளம் விதவைகளைத் திரட்டிப் படிக்க வைத்தார். கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் என்று இன்று நாம் பார்க்கும் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில்தான் அவரது விதவையர் விடுதி நடந்தது.

100 ஆண்டு கழிந்தும் பிரச்சினை தீரவில்லை. ஈரோடு மாவட்டம் நம்பியூர்ப் பகுதியில், விதவை என்று சொல்லி ஒரு பெண்ணைக் கோவில் திருவிழாவுக்கு வரவிடாமல் தடுத்தார்கள். அவர் சென்னை ஐகோர்ட்டுக்கு வந்தார். 2023 ஆகஸ்டில் ஐகோர்ட்டு கண்டித்தது. பெண்ணுக்குத் தனி அடையாளம் உண்டு. கல்யாண நிலையை வைத்து அதைப் பறிக்க முடியாது என்று சொல்லி, போலீஸ் பாதுகாப்புக்கும் உத்தரவிட்டது.

மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் மாவட்டம் ஹேர்வாட் கிராமம் இன்னும் ஒருபடி மேலே போனது. கணவர் இறந்ததும் வளையலை உடைப்பது, குங்குமத்தை அழிப்பது, மெட்டியைக் கழற்றுவது எல்லாம் இனிக் கூடாது என்று 2022-ல் ஊராட்சியே தீர்மானம் போட்டது. அதைப் பின்பற்றும்படி மற்ற ஊர்களுக்கும் மாநில அரசு சுற்றறிக்கை அனுப்பியது.

பேத்தி போட்ட நிபந்தனை

ஆச்சி இப்போது கைத்தடி பிடித்து நடக்கிறார். தை மாதம் பேத்திக்குக் கல்யாணம்.

"நலங்கு வைக்க முதல் ஆளா நீதான் வரணும் ஆச்சி" என்றாள் பேத்தி.

"எனக்கு எதுக்குட்டீ? கட்டுக்கழுத்திமாரு வைக்கட்டும். நான் உள்ள இருந்து பாக்கேன்."

"நீ வரலைன்னா நலங்கே வேண்டாம்!"

ஆச்சிக்கு அன்று முழுவதும் பேச்சில்லை. கல்யாண வீடுகளில் இது தெரிந்த காட்சி. முன்வரிசையில் நாற்காலி காலியாக இருக்கும். பாட்டி சமையல்கட்டுப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். யாரும் போகச் சொல்லியிருக்கமாட்டார்கள். அவராகவே போயிருப்பார். "பாட்டிக்கு இதெல்லாம் பிடிக்காது" என்று வீட்டார் சொல்வார்கள்.

பிடிக்காதா? கேட்டுப் பார்த்தார்களா?

எம்.சி. ரோட்டில் நடந்தது

கல்யாண ஜவுளி எடுக்கக் குடும்பமே எம்.சி. ரோட்டுக்குக் கிளம்பியது. நாமும் கூடப் போனோம். ஆச்சிக்கு நாற்காலி போட்டார்கள். கடைப்பையன் ஆச்சியை ஒரு பார்வை பார்த்தான். நேராக அந்த அடுக்குக்குப் போனான். சாம்பல் ஒன்று, காப்பிக் கலர் ஒன்று, சந்தனக் கலர் ஒன்று எடுத்து விரித்தான்.

"பாட்டிக்கு இது நல்லாயிருக்கும்மா. அடக்கமா இருக்கும்."

மருமகள் ஆச்சியைப் பார்த்தார். பேத்தி ஆச்சியைப் பார்த்தாள். ஆச்சி சாம்பல் கலரைத் தடவிப் பார்த்தார். பிறகு கைத்தடியால் அதை மெல்ல ஒதுக்கினார்.

"வேண்டாம்ப்பா."

"வேற என்ன பாட்டி காட்டட்டும்?"

ஆச்சியின் கைத்தடி மேல் அடுக்கைக் காட்டியது. அங்கே அடர்நீலம். இசையரசி எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் "எம்.எஸ். புளூ" என்று பட்டு உலகமே அழைக்கும் அந்த நீலம்!

"அந்த நீலத்தை எடு. கரை பெரிசா இருக்குததை எடு."

கடைப்பையன் மருமகள் முகத்தைப் பார்த்தான். "அத்தைதான் கட்டப்போறாங்க. அவங்க சொல்றதை எடுப்பா" என்றார் மருமகள்.

புடவை ஆச்சியின் மடியில் விரிந்தது. தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தார். ஒரு நிமிஷம் வரை ஒன்றும் சொல்லவில்லை.

"எடுத்துரு" என்றார்.

பேத்திக்குத் தலைகால் புரியவில்லை. "அப்ப அன்னைக்குப் பொட்டும் வச்சுக்கோ ஆச்சி! பூவும் வச்சு விடுறேன்!"

"பொட்டு வை, வச்சுக்கிடுதேன். பூ வேண்டாம்."

பேத்தி முகம் வாடிவிட்டது. "ஏன் ஆச்சி? ஊர் என்ன சொல்லும்னா?"

"ஊருக்காக இல்லட்டீ" என்றார் ஆச்சி. "பூ உங்க தாத்தாதான் வாங்கியாருவாக. 44 வருசம், சாயங்காலம் வேலை முடிஞ்சு வரும்போது ஒரு முழம். அவுக வாங்காத பூவை நான் வச்சதில்ல. அது எனக்கு வேண்டாம்."

பேத்தி அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

நீலப் புடவைக்கு அன்றே ரவிக்கை தைக்கக் கொடுத்தாயிற்று. முழங்கை வரை கை. முன்பக்கம் கொக்கி. உள்பாவாடைக்கு அகலப் பட்டை. புடவை கணுக்காலுக்கு மேலே நிற்கவேண்டும் என்று ஆச்சியே தையல்காரரிடம் இரண்டு தடவை சொன்னார்.